நடைபாதை ஆக்கிரமிப்பு: மனுவோடு நிற்பதா, பொதுநல வழக்குக்குப் போவதா?

எங்கள் சாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து ரேஷன் கடை வரை 340 அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகள் திறக்கும் நேரத்தில், நானும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் டேப்பும் நோட்டுமாகப் போய் அதை அளந்தோம். நடைபாதையின் அகலம் 6 அடி. அந்த 340 அடிக்குள் ஏழு இடங்களில் சாலையில் இறங்கித்தான் நடக்க முடிந்தது. ஹார்டுவேர் கடையின் சாய்தளம், ஒரு மின்பெட்டி, டீக்கடை பெஞ்சு, ஒரு கட்சியின் கொடிமேடை, எந்நேரமும் நிற்கும் இரண்டு பைக்குகள், ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரையும் அதைத் தாங்கும் கம்பிகளும், கடைசியில் பூக்கார அக்காவின் பலகை. மின்பெட்டிக்கும் கடைச் சுவருக்கும் நடுவே மிச்சம் இருந்தது 14 அங்குலம்.

அளந்துகொண்டிருந்தபோதே கைத்தடியோடு ஒரு பாட்டி வந்து அந்த 14 அங்குலத்துக்கு முன்னால் நின்றார். தடியை முதலில் சாலையில் ஊன்றினார். பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார். இறங்கினார், பெட்டியைச் சுற்றி நாலு எட்டு வைத்தார், மறுபடி ஏற முடியாமல் எங்களிடம் கையை நீட்டினார். எங்கள் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். அந்த இடத்தில் அது சாலையிலிருந்து ஒரு அடிக்கு மேல் உயரம்.

அன்று மாலை குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. "பொதுநல வழக்கு ஒண்ணு போட்டுடலாம், ஒரே உத்தரவுல எல்லாம் காலியாயிடும்" என்றார்கள் சிலர். "கோர்ட்டுக்குப் போனா நம்ம பேரன் காலத்துலதான் முடியும், மனுவே கொடுப்போம்" என்றார்கள் மற்றவர்கள். அதற்கப்புறம் நான்கு மாதம் அலைந்து, விசாரித்து, சில வழிகளை முயன்றும் பார்த்துவிட்டேன். இரண்டு தரப்பும் பாதி சரி, பாதி தவறு. இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் மற்ற தெருக்காரர்களுக்காக, எந்த வழி எதற்கு உதவும் என்று நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஒரு கணக்கைக் காட்டுங்கள். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நடைபாதை இல்லாததால் மட்டுமே இத்தனை பேரும் இறந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாட்டி சாலையில் இறங்கிய நாலு எட்டை நான் பார்த்தேன்.

சட்டம் யார் பக்கம் என்பதில் குழப்பமே வேண்டாம். 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் இரண்டைச் சொன்னது: பிழைப்புக்கான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும், அதே சமயம், நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை கிடையாது, அகற்றுவதாக இருந்தால் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து அகற்ற வேண்டும். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், தடையில்லாத நடைபாதையில் நடப்பதும் 21ஆவது பிரிவில் வரும் உரிமைதான் என்றது. அந்த உத்தரவு வந்த வழக்கு, கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் தொடுத்த பொதுநல வழக்கு. ஆண்டுகளைக் கவனியுங்கள்: 2012, 2025. பொதுநல வழக்கின் பலமும் அது எடுத்துக்கொள்ளும் காலமும் இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

முதல் கேள்வி: சாலை யாருடையது?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். ஊருக்குள் ஓடும் சாலை எல்லாம் மாநகராட்சியுடையது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரு சாலை மாநகராட்சிக்கோ, மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ, தேசிய நெடுஞ்சாலைக்கோ சொந்தமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு: மாநகராட்சித் தெருவுக்கு 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், மாநிலச் சாலைக்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், தேசிய நெடுஞ்சாலைக்கு 2002ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். வருவாய்த் துறையின் புறம்போக்கு நிலமாக இருந்தால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பாயும்.

நாங்கள் இதைப் பார்க்காமல் ஒரு அலுவலகத்துக்கு இரண்டு மாதம் நடந்தோம். "சாலை எங்களுடையது இல்லை, வடிகால் மட்டும்தான் எங்களுடையது" என்று கடைசியில் ஒரு கடிதம் வந்தது. சாலைக்குச் சொந்தமான அலுவலகத்துக்குப் போனால், "நடைபாதை வடிகாலின் மேல்தானே இருக்கிறது, அங்கே கேளுங்கள்" என்றார்கள். இரண்டு அலுவலகமும் ஒருவரையொருவர் கைகாட்டும் இந்த நிலைமைதான் பிற்பாடு வழக்குக்கான உண்மையான காரணமாக மாறுகிறது. அதனால் அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

மனு, புகார், பத்து ரூபாய் ஸ்டாம்ப்

புகார் கொடுக்க இன்று வழிகளுக்குக் குறைவில்லை. சென்னை என்றால் 1913, மாநிலம் முழுவதற்கும் முதல்வரின் முகவரித் துறையின் 1100, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். தூக்கி வைத்துவிடக்கூடிய பொருளுக்கு இது நல்ல வழி. எங்கள் டீக்கடை பெஞ்சு ஒரே புகாரில் உள்ளே போனது. மூன்றாம் நாள் திரும்பவும் வெளியே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்குக் கொடுத்த புகாரோ, யாரும் வந்து பார்க்காமலே "தீர்வு காணப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு முடிந்தது. அப்படி வந்தால் கோபப்பட்டு அழித்துவிடாதீர்கள். அந்தக் குறுஞ்செய்தியையும், அதே நாளில் அதே இடத்தில் எடுத்த படத்தையும் சேர்த்து வைத்தால் அது ஒரு நல்ல ஆவணம்.

எழுத்து மனுவுக்கு வேறொரு மதிப்பும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அதிகாரியை வேலை செய்யச் சொல்லி உத்தரவு கேட்கப் போனால், முதல் கேள்வியே "அவரிடம் கேட்டீர்களா, எப்போது கேட்டீர்கள்?" என்பதுதான். கைபேசிச் செயலியில் போட்ட புகாரை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்வது சிரமம். சங்கத்தின் பெயரில், இடம் இடமாக அளவு குறித்து, படம் இணைத்து, ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்புங்கள். ஆக்கிரமிப்பு மனுக்களை எப்படி விசாரித்து முடிவெடுக்க வேண்டும் என்று 2014 டிசம்பரில் வருவாய்த் துறை போட்ட அரசாணை எண் 540 ஒன்று இருக்கிறது. அதை மனுவில் குறிப்பிடலாம். இந்த முறையைப் பயன்படுத்திவிட்டு வாருங்கள் என்று நீதிமன்றமே மனுதாரர்களைத் திருப்பி அனுப்பியதுண்டு.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு வேலை இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் உதவியது: தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "ஏன் அகற்றவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். இந்தச் சாலையின் ஆவணப்படியான அகலம் எவ்வளவு? இன்ன கதவு எண் முதல் இன்ன கதவு எண் வரை நடைபாதையில் எந்தக் கட்டுமானத்துக்கு அனுமதி தரப்பட்டது, அதன் நகல்? எங்கள் இன்ன தேதி மனுவின் மீதான கோப்புக் குறிப்பின் நகல்? எங்களுக்கு வந்த பதிலில் ஏழில் ஆறுக்கு "அனுமதி ஏதும் வழங்கப்படவில்லை" என்று இருந்தது. அந்த ஒரு பக்கம், நாங்கள் கூட்டத்தில் பேசிய பேச்சு எல்லாவற்றையும்விடக் கனமானது.

கவுன்சிலர், பகுதி சபை வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் 2022 முதல் கூடுகின்றன, அங்கே பேசுங்கள், தீர்மானமாக எழுத வையுங்கள். ஆக்கிரமித்திருப்பவரும் அதே வார்டின் வாக்காளர் என்பதால் அங்கேயே முடிந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பலரும் மறந்துவிட்ட ஆர்.டி.ஓ. வழி

பொதுநல வழக்கு என்ற சொல் பிரபலமானதால் மறைந்துபோன ஒரு வழி இது. பொது இடத்தில் இடைஞ்சல் இருந்தால், அதை அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. நம் மாவட்டங்களில் அது பெரும்பாலும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர், வண்டிப் பதிவு செய்யும் ஆர்.டி.ஓ. அல்ல) அல்லது சப் கலெக்டர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152.

இந்தப் பிரிவின் வலிமை தெரிய வேண்டுமானால் ரத்லாம் வழக்கைப் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் ஒரு தெருவாசிகள், சாக்கடை வசதி செய்துதராத நகராட்சியின் மீது இதே 133ஆவது பிரிவில் நடுவரிடம் போனார்கள். நகராட்சி பணம் இல்லை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணம் இல்லை என்பது கடமையைச் செய்யாததற்குச் சாக்காகாது என்று தீர்ப்பெழுதினார். தெருவாசிகள் தொடங்கிய இடம் உள்ளூர் நடுவரின் அறை.

சிமெண்டால் கட்டிய ஒரு சாய்தளம், ஒரு கூரை, ஒரு படிக்கட்டு என்று குறிப்பிட்ட ஒரு தடை இருந்து, அதைச் செய்தவர் யார் என்று தெரிந்தும் இருந்தால் இந்த வழி பொருத்தம். எதிராளிக்கு நோட்டீஸ் போகும், அவர் வந்து பதில் சொல்வார், உள்ளூரிலேயே விசாரணை நடக்கும். பலவீனம் என்னவென்றால், எல்லாம் அந்த அதிகாரியின் நேரத்தையும் மனதையும் பொறுத்தது. ஜமாபந்தியும் தேர்தலும் வெள்ளமும் வந்தால் நம் கோப்பு கீழே போய்விடும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதும் ஒரு வழிதான். பொதுவழியில் தடை ஏற்படுத்துவதற்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 200 ரூபாய். நடைபாதையில் ஏற்றி நிறுத்தும் பைக்குக்குப் போக்குவரத்துக் காவலர் போதும். சிவில் நடைமுறைச் சட்டம் 91ஆவது பிரிவின்படி, இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு பொது இடைஞ்சலுக்கு எதிராக உரிமையியல் வழக்கும் தொடுக்கலாம். நான் கேட்டறிந்தவரை யாரும் அதைப் பரிந்துரைக்கவில்லை, காலம் அதிகம்.

ஆனால் இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாநில ஆணையருக்குப் புகாரை விசாரிக்கும் அதிகாரமும், சாட்சியை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரங்களும் தந்திருக்கிறது. உங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் போகும் ஒருவரோ பார்வையற்ற ஒருவரோ இருந்து, அவர் விரும்பினால், ஒரே பக்கக் கடிதத்தில் அவரே இதைத் தொடங்கலாம். அரசுத் துறைகளே வைத்த தடைகளுக்கு, அதாவது மின்பெட்டி, நடுவில் நட்ட கம்பம், ஒரு அடி உயர விளிம்பு போன்றவற்றுக்கு, இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி நடைபாதைக்குக் கேட்பது தடையில்லாத 1.8 மீட்டர் அகலம். விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டு எண்களோடு போனால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

உயர் நீதிமன்றம்: ரிட்டும் பொதுநல வழக்கும்

ரிட் என்பது, அதிகாரிக்கு உத்தரவு போடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு. இரண்டும் அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவில்தான் வருகின்றன, ஆனால் ஒன்றல்ல. உங்கள் வீட்டு வாசலை மறைத்து ஒருவர் கடை போட்டிருக்கிறார், மனு கொடுத்தும் பலனில்லை என்றால் அது உங்கள் சொந்தப் பாதிப்பு. சாதாரண ரிட் மனு போதும். பெரும்பாலும் வரும் உத்தரவு, "மனுதாரரின் இன்ன தேதி மனுவைப் பரிசீலித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு வாய்ப்பளித்து, இத்தனை வாரங்களுக்குள் சட்டப்படி முடிவெடுக்கவும்" என்றிருக்கும். இதைக் கேட்டதும் என் ஆசிரிய நண்பர் சோர்ந்துவிட்டார். "இதுக்கா அவ்வளவு தூரம்?" என்றார். நான் அப்படிப் பார்க்கவில்லை. அதுவரை தேதியே இல்லாமல் கிடந்த கோப்புக்கு அன்றிலிருந்து ஒரு கெடு வந்துவிடுகிறது. கெடு தாண்டினால் அவமதிப்பு மனு போடலாம். அதற்கு ஓராண்டுதான் காலவரம்பு என்கிறது 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். உத்தரவு வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் அந்த ஓராண்டைத் தூங்கவிட்டால், அவமதிப்பு வழி அடைபட்டுவிடும்.

பொதுநல வழக்கு வேறு வகை. இதைப் பற்றிக் கேட்க ஒரு வழக்கறிஞரிடம் போனபோது, நாங்கள் கொண்டுபோன படங்களை மேசை மேல் பரப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "சார், நீங்க யாரையாவது தூக்கணும்னு வந்திருக்கீங்களா, இல்ல யாரையாவது வேலை செய்ய வைக்கணும்னு வந்திருக்கீங்களா?"

நான் பதில் சொல்லத் திணறினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், நாங்கள் நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பதில் அந்தக் கேள்விக்குள் இருப்பது தெரிந்தது. பொதுநல வழக்கின் எதிர்மனுதாரர் ஆக்கிரமிப்பவர் அல்ல. கடமையைச் செய்யாத அலுவலகம்தான். ஒரு ஹார்டுவேர் கடையின் சாய்தளம்தான் உங்கள் பிரச்சினை என்றால் இந்த வழக்கு உங்களுக்கானதல்ல. நீதிபதிகள் முதல் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு கிலோமீட்டர் சாலையில் எந்த அலுவலகமும் பொறுப்பேற்கவில்லை, அளவை செய்யவில்லை, வியாபாரிகளைக் கணக்கெடுக்கவில்லை, மனுக்களுக்குப் பதிலில்லை என்றால், அப்போது இதற்கு ஈடான வழி வேறில்லை. பல துறைகளை ஒரே அறையில் ஒரே நாளில் நிறுத்தி, "உங்களில் யார் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்குத்தான் உண்டு.

கண்டிப்பும் அங்கே அதிகம். 2010இல் பல்வந்த் சிங் சௌஃபல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுநல வழக்குகளை வடிகட்ட ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் விதிகள் வகுக்க வேண்டும், உள்நோக்கத்தோடு வரும் வழக்குகளுக்குச் செலவுத்தொகை விதிக்க வேண்டும் என்றது. மனுதாரர் தமக்குச் சொந்த லாபம் இல்லை என்று உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தில் மிகவும் ஆர்வமாக இருந்த ஒருவர், அதே சாலையில் இன்னொரு ஹார்டுவேர் கடை நடத்துபவர். அவரை மனுதாரர் பட்டியலில் சேர்க்கவில்லை. அவருக்கு வருத்தம்தான், ஆனால் புரிந்துகொண்டார்.

எங்கள் கையும் சுத்தமாக இருக்க வேண்டுமே. குறுக்குத் தெருவில் எங்கள் உறுப்பினர்களின் 14 வீடுகளை அளந்தோம், ஒன்பதின் சாய்தளம் தெருவுக்குள் நீண்டிருந்தது. அதில் என் வீடும் ஒன்று, ஒன்றரை அடி. உடைத்து உள்ளே தள்ளிக் கட்ட 11,000 ரூபாய் ஆனது. வழக்குப் போடும் முன் ஒவ்வொரு சங்கமும் இந்த அளவையை முதலில் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதிர்த்தரப்பு முதல் விசாரணையிலேயே இந்தப் படங்களைத்தான் நீட்டும்.

வழக்குப் போடுகிறவர் உடலாலும் மனதாலும் கொடுக்கும் விலையும் உண்டு. சென்னையில் டிராஃபிக் ராமசாமி பல ஆண்டுகள் இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்தார். வழக்கறிஞர் இல்லாமல் தானே நின்று வாதாடினார், தாக்கப்பட்டார், கைதும் செய்யப்பட்டார். 2021இல் காலமானார். அவர் மீது எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனால் தெருக்காரர்கள் இதை ஒருவர் தலையில் சுமத்தக் கூடாது. சங்கத்தின் பெயரில், குறைந்தது இரண்டு மூன்று பேர் சேர்ந்து போடுங்கள். மனுதாரர் பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ, மாற்றுத்திறனாளியாகவோ இருந்தால் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பூக்கார அக்கா எங்கே போவார்?

இந்தக் கேள்வியில்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. "நடைபாதை ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட வேண்டும்" என்று மொட்டையாக எழுதி, நீதிமன்றமும் கெடு வைத்துவிட்டால், முதல் நாள் வரும் வண்டி எதைத் தூக்கும்? மின்பெட்டியைத் தூக்க மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், அதற்கு ஒரு கோப்பு வேண்டும். சாய்தளத்துக்கு நோட்டீஸ் வேண்டும். கொடிமேடையைத் தொட மேலிடத்துக்குப் போன் வேண்டும். பூப்பலகைக்கு எதுவுமே வேண்டாம். அறிக்கையில் "அகற்றப்பட்ட ஆக்கிரமிப்பு: ஒன்று" என்று எழுதிவிடலாம்.

நான் அவரிடமே போய்க் கேட்டேன். நார் எடுத்து மல்லி கட்டிக்கொண்டே பேசினார். "இருபத்திரண்டு வருஷமா இங்கதான் சார். ஆபீஸ்ல கூப்பிட்டு போட்டோ புடிச்சாங்க, கார்டும் குடுத்தாங்க." பலகைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அட்டையை எடுத்துக் காட்டினார். "இதுல என் மூஞ்சி இருக்கு. எங்க உக்காரணும்னுதான் இல்ல."

தெரு வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. கணக்கெடுப்பு முடித்துச் சான்று வழங்கும் வரை வியாபாரிகளை வெளியேற்றக் கூடாது, இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது அது. அதற்கும் முன்பே, 1989இல் சோதன் சிங் வழக்கில், நடைபாதையில் விற்பது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட தொழில் உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே பூப்பலகையும் ஹார்டுவேர் கடைச் சாய்தளமும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகை அல்ல. புல்டோசர் இடிப்புகள் குறித்து 2024 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எந்தக் கட்டடத்தையும் இடிக்க 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றபோதுகூட, சாலையிலும் நடைபாதையிலும் அனுமதியில்லாமல் எழுப்பிய கட்டுமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. காசு செலவழித்து நடைபாதையில் சிமெண்ட் போட்டவருக்குத்தான் சட்டத்தின் துணை குறைவு. களத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு.

பொதுநல வழக்குக்குப் போவதென்றால் கோரிக்கைப் பகுதியை வழக்கறிஞரிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். முதலில் அளவை, அடுத்து வியாபாரிகள் கணக்கெடுப்பும் விற்பனை இடம் குறிப்பதும், அடுத்து நிரந்தரக் கட்டுமானங்களை அகற்றுவது, கடைசியாக அகற்றிய இடத்தில் நடைபாதையைச் சரியான உயரத்தில் கட்டுவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. இந்தக் கடைசிக் கோரிக்கை மிக முக்கியம். வெறுமனே காலி செய்த இடத்துக்கு அடுத்த வாரமே பெஞ்சு திரும்பிவிடும். தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளுக்கென்று கட்டிய வளாகத்துக்கு அவர்களை 2013இல் மாற்றினார்கள். 2019இல் அகலமான நடைபாதையோடு சாலையையே மாற்றிக் கட்டினார்கள். அங்கே குறைகள் உண்டு, ஆனால் ஆட்கள் கூட்டமாக நடந்துகொண்டிருக்கும் இடத்தை மறுபடி பிடிப்பது, காலியாகக் கிடக்கும் இடத்தைப் பிடிப்பதைவிடக் கடினம்.

எங்கள் ஏழுக்கு என்ன முடிவெடுத்தோம்

பெஞ்சுக்கும் பைக்குகளுக்கும் வழக்கு எதுவும் இல்லை. டீக்கடைக்காரரிடம் நேரில் பேசினோம். பெஞ்சைச் சுவரோடு ஒட்டிய ஒற்றைப் பலகையாக மாற்றிக்கொண்டார், மூன்றடி வழி கிடைத்தது. பைக்குகள் போக்குவரத்துக் காவலர் இரண்டு முறை வந்து போனதோடு நின்றன. சாய்தளத்துக்கும் தகரக் கூரைக்கும் 152ஆவது பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தாயிற்று; தகவல் உரிமையில் வந்த பதிலின் நகலை இணைத்திருக்கிறோம். மின்பெட்டிக்கும் ஒரு அடி உயர விளிம்புக்கும் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதியது நாங்கள் அல்ல, மூன்றாவது வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் எங்கள் சங்கப் பொருளாளர். பூக்கார அக்காவின் இடத்தைக் குறித்துத் தரச் சொல்லி நகர விற்பனைக் குழுவுக்கு அவர் கொடுத்த மனுவில் நாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

பொதுநல வழக்கை விட்டுவிடவில்லை, ஏழுக்காக அதைப் போடவில்லை, அவ்வளவுதான். முழுச் சாலைக்கும் எந்த அலுவலகம் பொறுப்பு என்ற கேள்விக்கு இரண்டு இடங்களுக்கும் விரிவான மனு போயிருக்கிறது, ஒப்புகை அட்டைகள் கையில் இருக்கின்றன. 60 நாள் காத்திருப்பது என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். அதற்குள் இருவரும் மறுபடி ஒருவரையொருவர் கைகாட்டினால் கொடிமேடை உட்பட மொத்தச் சாலைக்கும் வழக்கு. கோரிக்கைப் பகுதி எழுதித் தயாராக இருக்கிறது. இதற்கிடையில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே ஏழு இடங்களில் நின்று அதே கோணத்தில் படமெடுக்கிறோம்.

வரும் வியாழக்கிழமை நில அளவையர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்து மணிக்கு என்றார்கள். ஆசிரியர் ஒன்பதரைக்கே மின்பெட்டி பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், டேப் என்னிடம் இருக்கிறது.